எலுமிச்சம்பழம் செடூனா வரைதான்!

காரில் நெடுந்தூரம் கிளம்புவதென்றால் நம் வீடுகளில் என்ன திட்டம் போடுவோம்? முதல் நாள் ராத்திரி புளியோதரை கிளறுவோம். காலையில் ராகுகாலம் பார்ப்போம். நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். 'எல்லாரும் பாத்ரூம் போயாச்சா?' என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், வண்டி நகர்ந்துவிடும். மற்றதையெல்லாம் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொள்ளலாம் என்பது சும்மா வாய் வார்த்தை இல்லை. நம் ஊரில் நிஜமாகவே பார்த்துக்கொள்ளலாம். பஞ்சர் ஆனால் அரை கிலோமீட்டரில் ஒரு டயர் தொங்கும் கடை. பசித்தால் பரோட்டாக் கல் சத்தம். வழி தப்பினால் டீக்கடை பெஞ்சில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு வழி சொல்ல! நெஞ்சு வலித்தால்கூட, தூக்கிக்கொண்டு ஓட நாலு முகம் தெரியாத ஆட்கள் வந்துவிடுவார்கள். நம் திட்டத்தின் பெரும்பகுதியை நமக்காக ஊர் ஜனங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, ஜனங்களே இல்லாத வழி ஒன்றில் போக வேண்டி வந்தால்?

எனக்கு வந்தது. 2023 ஆகஸ்டில். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரத்திலிருந்து, தெற்கே இருக்கும் அடிலெய்டு வரை. சுமார் 2,700 கிலோமீட்டர். விமானத்தில் மூன்று மணி நேரம்.

'மூன்று மணி நேரத்தில் போகிற ஊருக்கு எதுக்கு சார் கார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதே கேள்வியை என் மதினி ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். என் அண்ணன் 1991-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து பெர்த் போய்ச் சேர்ந்தவர். முப்பத்திரண்டு வருஷம் அங்கேயே வேலை, வீடு, முருங்கை மரம். வயசு 66. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரே மகள் அடிலெய்டில் இருக்கிறாள். 'இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேண்டாம்ப்பா' என்று அவள் பிடிவாதம் பிடிக்க, வீட்டை விற்று அங்கே குடிபெயர முடிவாயிற்று. சாமான்கள் லாரியில் போகும். காரையும் லாரியில் ஏற்றிவிடலாம். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். 'முப்பத்திரண்டு வருஷமா இந்த ரோட்டுல போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாச்சு. இனிமே நான் நெடுந்தூரம் ஓட்டப் போறதில்ல. இந்த ஒரு தடவை ஓட்டிட்டு சாவியை மக கையில குடுத்திருதேன்' என்றார். பிறகு எனக்கு போன் வந்தது. 'ஏலே, ஒரு மாசம் லீவு போட்டுட்டு வா. ரெண்டாவது டிரைவர் வேணும்.'

அடுத்த நாள் மதினியிடமிருந்து ஒரு போன். 'தம்பி, நீங்க வாறது சந்தோசம். ஆனா வந்து அவரை மனசு மாத்துங்க.'

ஆக, இரண்டு பேருக்கும் ஒத்துக்கொண்டு விமானம் ஏறினேன்!

*

அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மதினியின் பயம் உங்களுக்குப் புரியும்.

நடுவில் நார்ஸ்மன் என்று ஒரு ஊர். அங்கிருந்து செடூனா என்ற இன்னொரு ஊர் வரை 1,200 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே நல்லர்போர் சமவெளி. லத்தீன் மொழியில் 'மரமே இல்லை' என்று அர்த்தம் வரும்படி வைத்த பெயர். இந்த 1,200 கிலோமீட்டரில் ஊர் என்று சொல்லத்தக்கதாக அநேகமாக எதுவும் கிடையாது. 'ரோடு ஹவுஸ்' என்று சில இடங்கள் உண்டு. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, பத்து இருபது அறைகள். அதுதான் ஊர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 65 கிலோமீட்டரும் இருக்கலாம், 190 கிலோமீட்டரும் இருக்கலாம். செல்போன் சிக்னல் அந்தக் கடைகளைச் சுற்றி வந்துபோகும். மற்ற இடங்களில் உங்கள் போன் ஒரு டார்ச் லைட், அவ்வளவே. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இடையில் இல்லை.

பல்லடோனியா என்ற இடத்தைத் தாண்டினால் ஒரு நேர்கோடு வரும். 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது! சென்னையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் புதுச்சேரி வரை அதைத் திருப்பாமல் போவது மாதிரி. கேட்க ஜாலியாக இருக்கிறது இல்லையா? அங்கே எமன் தூக்கத்தின் உருவத்தில் வருவான். ஓட்டுகிறவர்களை விழிக்க வைப்பதற்காகவோ என்னவோ, 2009-ல் இந்தச் சாலை நெடுக ஒரு கோல்ஃப் மைதானமே போட்டுவிட்டார்கள். 18 குழிகள், மொத்தம் 1,365 கிலோமீட்டர். ஒரு ரோடு ஹவுஸில் ஒரு குழி. பந்தை அடித்துவிட்டு அடுத்த குழிக்கு கார் ஏறிப் போக வேண்டும்.

1841-ல் எட்வர்டு ஜான் ஐர் என்ற ஆங்கிலேயர் கிழக்கிலிருந்து மேற்காக இதைக் கடந்தார். கூட வந்த கண்காணிப்பாளர் பாக்ஸ்டர் நடு வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைசிவரை கூடவே நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர் மட்டுமே. குடிக்கத் தண்ணீர் கிடைத்தது எப்படித் தெரியுமா? மணல்மேடுகளுக்கு நடுவே பழங்குடி மக்கள் தோண்டி வைத்திருந்த ஊற்றுகளில். அந்த மக்கள் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்திராவிட்டால் ஐர் பிழைத்திருக்கவே முடியாது. இன்று நெடுஞ்சாலைக்கு அவர் பெயர். அது முழுவதும் தார் போடப்பட்டதே 1976-ல்தான்.

மதினி இதையெல்லாம் ஏற்கெனவே படித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் தோசைக்கு நடுவில் எடுத்துச் சொன்னார். 'பாக்ஸ்டருக்காவது ஸ்டென்ட் இல்ல' என்று முடித்தார்.

*

மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் திட்டம் நடந்தது. இந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

அண்ணனுடைய முதல் திட்டம் மூன்று நாள். ஒரு நாளைக்கு 900 கிலோமீட்டர், முடிந்தது கதை. மதினியின் திட்டம் பூஜ்ஜியம் நாள், விமானம். இரண்டு பேரும் பேசப் பேச ஒருவர் குரல் ஏறும், இன்னொருவர் அடுப்படிக்குப் போய்விடுவார். நான்காவது நாள் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் சாலையைப் பற்றிச் சண்டை போடவில்லை. 'எனக்கு ஒண்ணும் ஆகாது' என்று ஒருவர் சொல்கிறார், 'ஆயிட்டா?' என்று இன்னொருவர் கேட்கிறார். இதற்கு முடிவே கிடையாது. இரண்டுமே நிரூபிக்க முடியாதவை.

அதனால் ஒரு நோட்டை எடுத்து மதினி கையில் கொடுத்தேன். 'உங்களுக்கு என்னவெல்லாம் பயமோ, எல்லாத்தையும் எழுதுங்க மதினி. ஒண்ணுகூட விடாதீங்க.'

இரண்டு பக்கம் எழுதினார். நெஞ்சு வலி. தூக்கம். கங்காரு. டயர் வெடிப்பு. பெட்ரோல் தீர்ந்துபோவது. தண்ணீர். பெரிய லாரிகள். இருட்டு. மாத்திரை தீர்ந்துபோவது. கடைசியில், கொஞ்சம் இடம் விட்டு, 'அவர் வலியைச் சொல்ல மாட்டார்' என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியை அண்ணன் படித்தார். அன்று அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு ஒவ்வொரு பயத்துக்கும் எதிரே ஒரு விடை எழுத ஆரம்பித்தோம். சில விடைகள் சுலபம். பெட்ரோல்: அதிகபட்ச இடைவெளியே 190 கிலோமீட்டர்தான், எந்தக் காரின் டாங்கும் தாங்கும். நகரத்தைவிட விலை நன்றாகவே அதிகம், கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதான். தண்ணீர்: சமவெளியில் நல்ல தண்ணீர் அரிது, ரோடு ஹவுஸ்களிலேயே கணக்குப் பார்த்துத்தான் செலவழிப்பார்கள். ஆகவே இருபது லிட்டர் கேன் ஒன்று டிக்கியில். டயர்: நாலும் புதிது, ஸ்டெப்னியையும் சேர்த்துக் காற்று பார்த்தாயிற்று.

லாரிகள்: இரண்டு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு வரும் 'ரோடு டிரெயின்' 36 மீட்டர் நீளம். அதை முந்த வேண்டுமானால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலிச் சாலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போக வேண்டும். அவசரம் என்ன?

கங்காருவும் இருட்டும் ஒரே கேள்வி. பொழுது சாயும்போதும் விடியும்போதும்தான் கங்காருக்கள் சாலைக்கு வரும். வந்தால் ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது, நேராகப் பிடித்து பிரேக் போட வேண்டும். ஒடித்துக் கவிழ்ந்தவர்கள்தான் அதிகம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் விடை: இருட்டில் வண்டி ஓடாது. ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் கீழே. ஆகவே காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் ஓர் அறைக்குள் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கிழக்கே போகப் போக கடிகாரம் ஓடிவிடும். பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நடுவில் கைகுனாவைத் தாண்டியதும் அந்தச் சில ரோடு ஹவுஸ்காரர்கள் மட்டும் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள், பெர்த்தைவிட 45 நிமிஷம் கூடுதல். அரசாங்கம் அறிவித்த நேரம் இல்லை, ஆனால் பலகை வைத்திருக்கிறார்கள். இருக்கிறவர்கள் கொஞ்சப் பேர், அவர்களுக்கு அது வசதி! மதினி உடனே கேட்டார், 'அப்போ மாத்திரையை எந்த நேரத்துக்குக் குடுக்க?' நல்ல கேள்வி. அடிலெய்டு சேரும்வரை மாத்திரைக்குப் பெர்த் நேரம் என்று முடிவு செய்து, பழைய கைக்கடிகாரம் ஒன்றை அதற்காகவே எடுத்து வைத்தார். மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில் போட்டார். ஒரு பை தொலைந்தால் இன்னொன்று.

*

நெஞ்சு வலிக்கு விடை நம்மால் எழுத முடியாதே! மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் 'போகலாம்' என்றோ 'கூடாது' என்றோ சொல்லவில்லை. ஒரு மணி நேர அளவுக்குப் பரிசோதனை செய்தார். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். பிறகு, 'எத்தனை நாளில் போகிறீர்கள்?' என்று கேட்டார். மூன்று நாள் என்றால் என் பதில் வேறு, ஏழு நாள் என்றால் வேறு என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்க வேண்டும். நாக்குக்கு அடியில் அடிக்கும் மருந்து சட்டைப் பையில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல. வலி வந்தால் பொறுத்துப் பார்க்கிற வீரம் கூடாது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் மெதுவாக, 'சரி, ஏழு நாள்' என்றார்.

ஆனால் மதினிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நடு வழியில் வலி வந்தால் யார் வருவார்கள்?

அங்கேதான் எனக்கு ஒரு தகவல் கைகொடுத்தது. ஆஸ்திரேலியாவில் 'பறக்கும் மருத்துவர்' சேவை ஒன்று இருக்கிறது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-ல் ஆரம்பித்து வைத்தது. சாலை போய்ச் சேராத இடத்துக்கு விமானத்தில் மருத்துவர் வருவார். நல்லர்போரில் விமானம் எங்கே இறங்கும்? நெடுஞ்சாலையிலேயே! சில இடங்களில் சாலையையே ஓடுபாதையாகப் பயன்படுத்தும்படி அகலமாக்கி, விமான நிலையத்தில் இருப்பது போல வெள்ளைக் கோடுகள் போட்டு, பலகை வைத்திருக்கிறார்கள். அவசரம் என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்துவார்கள். விமானம் தார்ச் சாலையில் இறங்கி நோயாளியைத் தூக்கிக்கொண்டு பறக்கும்.

அந்தப் பலகையின் படத்தை மதினியிடம் காட்டினேன். நானாக இருந்தால் பயந்திருப்பேன். 'ஐயோ, இங்கே விமானம் இறங்குகிற அளவுக்கு ஆபத்தா!' என்று. மதினி அதை நீண்ட நேரம் பார்த்தார். 'அப்போ நமக்கு முன்னாடியே இதையெல்லாம் ஒருத்தன் யோசிச்சு வெச்சிருக்கான்' என்றார். அன்று ராத்திரி அவர் பெட்டி அடுக்க ஆரம்பித்தார்.

சிக்னல் இல்லாத இடத்திலிருந்து அவர்களை எப்படிக் கூப்பிடுவது? சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இப்போது சில புதிய கைபேசிகளிலேயே செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம், ஆனால் எங்கள் மூவர் கையிலும் இருந்தவை அந்த ரகம் இல்லை. பட்டனை அழுத்தினால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லும் சிறு கருவி ஒன்றும் கூடவே. தினமும் மாலை ஆறு மணிக்குள் மகளுக்குத் தகவல் போக வேண்டும். போகாவிட்டால் அவள் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்பட்டது.

மிச்சம் இருந்தது அந்தக் கடைசி வரி. 'அவர் வலியைச் சொல்ல மாட்டார்.'

இதற்கு எந்தக் கருவியும் கிடையாது. இரண்டு நாள் அந்த இடம் நோட்டில் காலியாகவே இருந்தது. மூன்றாவது நாள் காலையில் பார்த்தால், எதிரே அண்ணனே எழுதி வைத்திருந்தார். 'மூணு பேர்ல யார் நிறுத்துன்னு சொன்னாலும் வண்டி நிக்கும். ஏன்னு கேக்கக் கூடாது.' கீழே கையெழுத்து வேறு!

*

எழுதி முடித்த திட்டத்தை இங்கே தருகிறேன். முதல் நாள் கூல்கார்டி, 560 கிலோமீட்டர். இரண்டாம் நாள் பல்லடோனியா, 360. மூன்றாம் நாள் யூக்லா, 520. நான்காம் நாள் நல்லர்போர் ரோடு ஹவுஸ், 200தான். ஐந்தாம் நாள் செடூனா, 300. ஆறாம் நாள் போர்ட் அகஸ்டா, 470. ஏழாம் நாள் அடிலெய்டு, 310.

நான்காம் நாளைப் பாருங்கள். வெறும் 200. அது கணக்குப் பிசகு இல்லை, வேண்டுமென்றே வைத்த ஓட்டை. மூன்றாம் நாள் ஏதாவது தள்ளிப்போனால் நான்காம் நாள் அதை விழுங்கிக்கொள்ளும். ஒன்றும் தள்ளிப்போகாவிட்டால் அந்த நேரத்தில் கடலைப் பார்க்கலாம். நம்மில் பலர் பயணத் திட்டம் போட்டால் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதென்று அடைத்து வைப்போம். காலை ஒரு கோயில், பத்தரைக்கு ஒரு அருவி, பன்னிரண்டுக்கு இன்னொரு கோயில். ஒரு டயர் பஞ்சரானால் போச்சு, சாமியும் இல்லை, அருவியும் இல்லை, வீட்டுக்காரரோடு சண்டை மட்டும் மிச்சம்.

பல்லடோனியாவில் தங்கியே ஆக வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1979 ஜூலையை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஸ்கைலாப்! அமெரிக்காவின் விண்வெளி நிலையம் எங்கே விழப்போகிறதோ என்று இந்தியாவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசு. நம் தலையில்தான் விழும் என்று அழுத என்னை, இருபத்திரண்டு வயது அண்ணன் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், 'இவ்வளவு பெரிய உலகத்துல அம்பாசமுத்திரத்தைத் தேடியால விழும்?' என்று சிரித்தார். கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும், இந்தப் பல்லடோனியா, எஸ்பரன்ஸ் பகுதியிலும் வந்து விழுந்தது. குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது! முப்பது வருஷம் கழித்து, 2009-ல், ஓர் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார். பல்லடோனியாவில் ஸ்கைலாபுக்கென்று ஒரு மூலை இருக்கிறது.

கடைசியாக எலுமிச்சம்பழம். மேற்கிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் செடூனாவில் சோதனைச் சாவடி. பழ ஈ பரவக் கூடாது என்பதற்காக டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். பழமோ காயோ இருந்தால் தொட்டியில் போட வேண்டும், மறைத்தால் அபராதம். வெந்தது, காய்ந்தது பரவாயில்லை. ஆகவே புளியோதரை, பருப்புப்பொடி, வற்றல் பாஸ். தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை ஃபெயில். திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் இரண்டுமே பட்டியலில் இருக்கிறதே! மதினி யோசித்தார். 'ஆபத்தான இடம் முழுக்க செடூனாவுக்கு முன்னாடிதான? அதுவரைக்கும் இருந்தாப் போதும்' என்றார். இதைவிடத் தெளிவாகத் திட்டம் போட முடியுமா?

*

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு சாயங்காலம் மட்டும்.

மூன்றாம் நாள். காலையில் அண்ணன் ஸ்கைலாப் மூலையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். அந்த 146 கிலோமீட்டரை நான் ஓட்டினேன். காக்கிள்பிடியில் அண்ணன் சக்கரத்தைப் பிடித்தார். பெர்த் நேரப்படி மூன்று மணி, அந்த ஊர் நேரப்படி மூன்றே முக்கால். யூக்லாவுக்கு இன்னும் 180 கிலோமீட்டருக்கு மேல். 'இருட்டுறதுக்குள்ள அடிச்சுப் புடிச்சுப் போயிரலாம்' என்றார் அண்ணன். நானும் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

பின் சீட்டிலிருந்து மதினி, 'நிறுத்துங்க' என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நாங்கள் நின்ற இடத்தின் பெயர் என்ன தெரியுமா? மதூரா! 1876-ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காகக் குடியேறிய இடம். மேட்டிலிருந்து சாலை இறங்க, கீழே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. ரோடு ஹவுஸில் ஓர் அறை காலியாக இருந்தது. யூக்லாவுக்கு போன் செய்து முன்பதிவை மாற்றினோம். 'மதுரை வந்தாச்சுல்ல, இறங்குங்க' என்றார் மதினி, ஒன்றுமே நடக்காத மாதிரி.

அண்ணனின் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. வலி இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு ஏழு மணிக்குத் தூங்கியவர் காலை ஆறரைக்குத்தான் எழுந்தார். அன்று அவரைச் சக்கரத்தில் உட்கார விடவில்லை. நான்காம் நாளின் ஓட்டை, மிச்சம் வைத்த தூரத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. மறுநாள் கடற்கரை மேட்டில் நின்று தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு மிதப்பதை மூன்று பேரும் பார்த்தோம்.

மதினியிடம் தனியாகக் கேட்டேன். விதிப்படி ஏன் என்று கேட்கக் கூடாதுதான், ஆனால் வண்டி நின்ற பிறகு கேட்கலாம் இல்லையா? 'ஓட்டும்போது ஏதாவது பழைய பாட்டை முனங்கிக்கிட்டே இருப்பாரு தம்பி. காக்கிள்பிடியில இருந்து முனங்கல' என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. நிற்காமல் போயிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் ஒன்று சொல்கிறேன். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் மதினி கவனித்து வைத்திருந்த ஒரு சின்ன விஷயத்துக்கு, வண்டியை நிறுத்துகிற அதிகாரத்தை அந்த நோட்டுதான் கொடுத்தது. அது இல்லாவிட்டால் 'சும்மா இருடி' என்ற ஒற்றை வார்த்தையில் அடங்கிப்போயிருக்கும்.

நீங்களும் அடுத்த தடவை எங்காவது கிளம்பும்போது, தூரத்தையும் ஹோட்டலையும் எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டை வீட்டில் யார் அதிகம் பயப்படுகிறார்களோ அவர்கள் கையில் கொடுங்கள். கேலி செய்யாமல் எழுத விடுங்கள். ஆஸ்திரேலியாதான் போக வேண்டும் என்றில்லை, குற்றாலத்துக்குப் போனாலும் சரி. கடைசியில் இடம் விட்டு எழுதுகிற வரியை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

அண்ணன் சொன்னபடி சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். போன வாரம் பேசினேன். மகளும் மருமகனும் குழந்தைகளோடு அடிலெய்டிலிருந்து டார்வின் போகிறார்களாம், காரில், 3,000 கிலோமீட்டர். இவர் போகவில்லை. ஆனால் மேஜையில் வரைபடம், பென்சில், ரப்பரோடு உட்கார்ந்துவிட்டார் என்று மதினி சிரித்தார்.

போனை வாங்கி அண்ணனிடம் கேட்டேன். 'ஓட்டை வெச்சியா அண்ணே?'

'ரெண்டு வெச்சிருக்கேம்ல' என்றார்.